முடிவு யார் கையில்? விளையாட்டுப் பயிற்சியாளர்களின் கொள்கையும் பாணியும்

2017 ஜூன் 18. லண்டன் ஓவல் மைதானத்தில் சாம்பியன்ஸ் டிராபி இறுதி ஆட்டம். பாகிஸ்தானிடம் 180 ரன் வித்தியாசத்தில் இந்தியா தோற்றது. இரண்டே நாளில் தலைமைப் பயிற்சியாளர் அனில் கும்ப்ளே பதவி விலகினார். தோற்றதற்காகத்தான் போனார் என்று சொல்ல வழியில்லை. அவர் பொறுப்பில் இருந்த ஓராண்டில் இந்தியா ஆடிய 17 டெஸ்டுகளில் 12இல் வென்றது. தோற்றது ஒன்றே ஒன்று. இப்படிப்பட்ட கணக்கை வைத்திருப்பவர் ஏன் போகிறார்? அவர் வெளியிட்ட அறிக்கையிலேயே விடை இருந்தது. தன் ‘பாணி’ குறித்தும் தான் நீடிப்பது குறித்தும் கேப்டன் கோலிக்குத் தயக்கம் இருப்பதாகக் கிரிக்கெட் வாரியம் முந்தைய நாள்தான் முதன்முறையாகச் சொன்னது என்று எழுதியிருந்தார். அணிக்கு முன்னால் கண்ணாடியைப் பிடித்துக் காட்டுவதே பயிற்சியாளரின் வேலை என்ற தன் நம்பிக்கையையும் அதே அறிக்கையில் பதிந்துவிட்டுப் போனார்.

ஆடுகளத் தந்திரத்தில் தகராறு இல்லை, உழைப்பில் குறை இல்லை. கண்ணாடியை யார், எப்போது, எந்தக் குரலில் பிடிப்பது என்பதில்தான் பிரச்சினை. கும்ப்ளே–கோலி விவகாரத்தை வம்பாகப் பேசித் தீர்த்துவிட்டோம். அது எழுப்பிய கேள்வி அப்படியே கிடக்கிறது. பயிற்சியாளரின் கொள்கை என்பது எது? தலைமைப் பாணி என்பது எது? இரண்டும் ஒருவருக்குள் எப்படி உருவாகின்றன, எங்கே வெல்கின்றன, எங்கே உடைகின்றன?

கொள்கையைப் பலரும் அகாடமிச் சுவரில் எழுதி வைக்கும் வாசகமாகவே நினைக்கிறார்கள். ‘ஒழுக்கம், உழைப்பு, உயர்வு’ என்று எழுதாத மைதானம் ஏது? அதைப் படித்து ஒரு கோச்சைப் பற்றி எதுவும் தெரிந்துகொள்ள முடியாது. பயிற்சி நேரத்தை அவர் எதில் செலவிடுகிறார், யாரை ஆடவைத்து யாரை உட்காரவைக்கிறார், தோற்ற மறுநாள் காலை முதலில் யாரிடம் போய்ப் பேசுகிறார் என்று பார்த்தால் தெரியும். இதைக் குறிப்பேடும் பென்சிலுமாக உட்கார்ந்து உண்மையிலேயே எண்ணிப் பார்த்தவர்கள் இரண்டு பேர். அவர்கள் எண்ணியது அமெரிக்கக் கூடைப்பந்தின் பெரிய வாத்தியார் ஜான் உடனை.

உடன் 1910இல் இண்டியானாவில் பிறந்தவர். பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தவர். 1948இல் கலிபோர்னியாவின் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழக அணிக்குப் பயிற்சியாளராக வந்தார். முதல் தேசியப் பட்டம் 1964இல்தான் கிடைத்தது. அதுவரை பதினாறு பருவங்கள் ஓடியிருந்தன. அந்த ஆண்டு முதல் 1975 வரையான பன்னிரண்டு ஆண்டுகளில் பத்துப் பட்டங்கள். இடையே தொடர்ச்சியாக 88 ஆட்டங்களில் வெற்றி. இந்தக் காலத்து நிர்வாகிகளிடம் அவர் சிக்கியிருந்தால் நான்காம் ஆண்டே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

ஒவ்வொரு பருவத்தின் முதல் நாளும் அவர் கற்பித்த முதல் பாடம் காலுறை போடுவது. நாட்டின் தலைசிறந்த இளம் ஆட்டக்காரர்கள், ஏழடி உயரத்துக்காரர்கள், பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பார்கள். காலுறையை மெல்ல இழுத்து, குதிகாலிலும் விரல் நுனியிலும் சுருக்கம் இல்லாமல் தடவிவிடச் சொல்வார். பிறகு ஷூ. நாடாவை மேலே மட்டும் இழுத்துக் கட்டக்கூடாது. ஒவ்வொரு துளையிலும் இறுக்கிக்கொண்டே வர வேண்டும். காலுறையில் ஒரு சுருக்கம் இருந்தால் கொப்புளம் வரும். கொப்புளம் வந்தால் பயிற்சி போகும். பயிற்சி போனால் ஆட்டம் போகும். இதில் தத்துவம் எதுவும் இல்லை என்று தோன்றலாம். சின்ன விஷயத்தைச் சரியாகச் செய்யும் பொறுப்பு ஆட்டக்காரனுடையது என்று அவர் நம்பியது முழுவதும் அந்தக் காலுறையில்தான் இருந்தது.

உளவியலாளர்கள் ரொனால்ட் தார்ப்பும் ரொனால்ட் காலிமோரும் 1974–75 பருவத்தில் உடனின் 15 பயிற்சி நேரங்களைக் கவனித்து, அவர் செய்த 2,326 கற்பித்தல் செயல்களைக் குறித்தார்கள். ஏறக்குறையப் பாதி வெறும் அறிவுறுத்தல்: என்ன செய், எப்படிச் செய். பாராட்டு 6.9 விழுக்காடு. திட்டு 6.6 விழுக்காடு. இரண்டும் அருகருகே, இரண்டும் சொற்பம். வீரவசனம் பேசும் கோச்சைப் பார்க்கப் போனவர்களுக்குக் கிடைத்தது, துணுக்குத் துணுக்காக ஓயாமல் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர். ஒருவன் தவறு செய்தால் விசில்; சரியான முறையைச் செய்து காட்டுவார், அவன் செய்த தவறை அப்படியே நடித்துக் காட்டுவார், மறுபடி சரியானதைச் செய்து காட்டுவார். ஐந்து விநாடிக்குள் முடிந்துவிடும். இரண்டு மணி நேரப் பயிற்சிக்காகக் காலையில் உதவியாளர்களோடு உட்கார்ந்து நிமிடவாரியாகத் திட்டமிட்டு, சிறு அட்டைகளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார்.

உடன் மென்மையாகப் பேசுபவர். வசைச்சொல் வாயில் வராது. அதனால் அவரை ஜனநாயகவாதி என்று எண்ணிவிடக்கூடாது. பில் வால்டன் என்ற நட்சத்திர ஆட்டக்காரர் ஒருமுறை முடி வெட்டாமல் பயிற்சிக்கு வந்தார். முடி வளர்ப்பது தன் உரிமை என்றார். உன் உறுதியை மதிக்கிறேன், நீ இல்லாதது அணிக்குக் குறையாகத்தான் இருக்கும் என்று உடன் அமைதியாகச் சொல்ல, வால்டன் சைக்கிளை எடுத்துக்கொண்டு முடிதிருத்தகத்துக்குப் பறந்தார். பிற்காலத்தில் வால்டனே சிரித்துக்கொண்டு சொன்ன கதை இது. குரல் தாழ்ந்திருப்பதும் அதிகாரத்தைப் பகிர்வதும் வேறு வேறு. பாணியைப் பற்றிப் பேசும்போது இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. யு.சி.எல்.ஏ. வெற்றிகளைப் பேசும்போது, செல்வந்த ரசிகர் ஒருவர் அந்த வீரர்களுக்கு விதிமீறிச் சலுகைகள் தந்தார் என்ற சர்ச்சையையும் மறைக்கக்கூடாது. மாபெரும் ஆசிரியரின் கண்ணுக்கும் எட்டாத, அல்லது அவர் பார்க்க விரும்பாத மூலைகள் இருந்தன.

பாணியைச் சோதனையில் வைத்துப் பார்க்கும் முயற்சி விளையாட்டுக்கு வெளியேதான் தொடங்கியது. 1930களின் இறுதியில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் கர்ட் லெவின், ரொனால்ட் லிப்பிட், ரால்ஃப் ஒயிட் மூவரும் பத்து வயதுச் சிறுவர்களைக் குழுக்களாகப் பிரித்து முகமூடி போன்ற கைவேலைகளைச் செய்யவைத்தார்கள். ஒரு தலைவர் எல்லாவற்றையும் தானே முடிவு செய்து கட்டளையிட்டார். ஒருவர் கலந்து பேசினார். ஒருவர் எதிலும் தலையிடாமல் விட்டுவிட்டார். கட்டளையிடுபவர் அறையில் இருக்கும்வரை வேலை மும்முரமாக நடந்தது. அவர் வெளியே போனதும் சரிந்தது. சிறுவர்களிடையே முறுக்கும் சண்டையும் கூடின, அல்லது ஒருவிதச் சோர்வு படிந்தது. கலந்து பேசியவரின் குழுவோ அவர் இல்லாதபோதும் வேலையை விடவில்லை. கண்டுகொள்ளாமல் விட்டவரின் குழுவில் உருப்படியாக எதுவும் நடக்கவில்லை. பாடநூல்களில் இன்றும் இருக்கும் ‘சர்வாதிகாரம், ஜனநாயகம், தலையிடாமை’ என்ற மூன்று பிரிவுகள் இங்கிருந்து வந்தவைதான்.

இந்தப் பிரிவுகளை மைதானத்துக்குக் கொண்டுவந்தபோது எளிதாகத் தப்பாகிவிட்டன. ஜனநாயகம் நல்லது, சர்வாதிகாரம் கெட்டது என்று பயிற்சி வகுப்புகளில் எழுதிக்கொண்டார்கள். கடைசி நிமிடத்தில் டைம்-அவுட் எடுத்துவிட்டு அடுத்து என்ன செய்யலாம் என்று வாக்கெடுப்பு நடத்த முடியுமா? இந்த முடிச்சை முறையாக அவிழ்க்க முயன்றவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் உடற்கல்விப் பட்டயம் பெற்று, கனடாவுக்குச் சென்று ஆய்வாளரான பாக்கியநாதன் செல்லதுரை. விளையாட்டு மேலாண்மைத் துறையில் உலகம் முழுவதும் மேற்கோள் காட்டப்படும் பெயர். தமிழ்நாட்டு விளையாட்டுப் பக்கங்களில் அவர் பெயர் கண்ணில் படுவதே அரிது என்பது நம் அக்கறையின் அளவைக் காட்டுகிறது.

செல்லதுரை 1970களின் இறுதியில் முன்வைத்த பல்பரிமாணத் தலைமை மாதிரி, ஒரு கோச்சின் நடத்தையை மூன்றாகப் பிரிக்கிறது. சூழல் அவரிடம் கேட்கும் நடத்தை ஒன்று. ஆட்டக்காரர்கள் விரும்பும் நடத்தை இன்னொன்று. அவர் உண்மையில் நடந்துகொள்வது மூன்றாவது. இந்த மூன்றும் எவ்வளவு பொருந்துகின்றனவோ அவ்வளவுக்கு அணியின் ஆட்டத்திறனும் மனநிறைவும் கூடும் என்பது அவர் வாதம். ஆய்வாளர் சாலேயுடன் சேர்ந்து 1980இல் வெளியிட்ட நாற்பது வினா கொண்ட அளவுகோல், ஐந்து இழைகளை அளந்தது: பயிற்சியும் அறிவுறுத்தலும், ஜனநாயக நடத்தை, எதேச்சாதிகார நடத்தை, தனிப்பட்ட ஆதரவு, பாராட்டும் ஊக்கமும். ஒரே மனிதரிடம் ஐந்தும் வெவ்வேறு அளவில் கலந்திருக்கும். ‘இவர் கண்டிப்பானவர், அவர் நல்லவர்’ என்று ஒற்றைச் சொல்லில் முத்திரை குத்துவதற்கு அதில் இடமில்லை. ஜப்பானிய, கனடிய மாணவர்களை ஒப்பிட்டு 1980களில் அவரும் சகாக்களும் செய்த ஆய்வில், மரபான தற்காப்புக் கலை பயின்ற ஜப்பானியர்கள் கட்டளையிடும் ஆசானைக் கூடுதலாக விரும்பினார்கள். விளையாட்டு எது, பண்பாடு எது என்பதற்கேற்ப விருப்பமும் மாறுகிறது.

இந்த மாதிரியை வைத்துக்கொண்டு இந்தியக் கிரிக்கெட்டின் இரண்டு காலங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம். கிரெக் சாப்பல் 2005இல் தலைமைப் பயிற்சியாளராக வந்தார். ஆட்ட நுணுக்கத்தில் அவருக்கு நிகரானவர் குறைவு. மாற்றம் வேண்டும், மூத்தவர் இளையவர் பார்க்கக்கூடாது, யாரும் எந்த இடத்திலும் இறங்கத் தயாராக இருக்க வேண்டும் என்பவை அவர் கொள்கைகள். தனியாகப் பார்த்தால் ஒன்றிலும் தவறில்லை. அந்தக் கொள்கையின் பலனும் தெரிந்தது: 2005–06இல் இலக்கைத் துரத்திய 17 ஒருநாள் ஆட்டங்களை இந்தியா வரிசையாக வென்றது. ஆனால் வந்த சில மாதங்களிலேயே கேப்டன் சௌரவ் கங்குலியைப் பற்றி வாரியத்துக்கு அவர் எழுதிய மின்னஞ்சல் வெளியே கசிந்தது. அன்றிலிருந்து ஓய்வறையில் யாரும் யாரையும் நம்பவில்லை. 2007 உலகக்கோப்பையில் வங்கதேசத்திடமும் இலங்கையிடமும் தோற்று முதல் சுற்றோடு அணி ஊர் திரும்பியது, சாப்பல் விலகினார்.

அடுத்த ஆண்டு வந்த கேரி கிர்ஸ்டன் அதற்குமுன் எந்த நாட்டு அணிக்கும் தலைமைப் பயிற்சியாளராக இருந்ததில்லை. சச்சினுக்கு நேரெதிரே நின்று மணிக்கணக்கில் பந்தை எறிந்துகொடுத்தார். பத்திரிகையாளர் சந்திப்புகளில் பின்னால் நின்றார். மனவலிமைப் பயிற்சியாளர் பேடி அப்டனோடு சேர்ந்து, மூத்த ஆட்டக்காரர்கள் தங்கள் தயாரிப்பைத் தாங்களே தீர்மானிக்க விட்டார். 2009 டிசம்பரில் டெஸ்ட் தரவரிசையில் முதலிடம். 2011 ஏப்ரல் 2 அன்று வான்கடேயில் உலகக்கோப்பை. சச்சின், திராவிட், லட்சுமணன், சேவாக், ஜாகீர், தோனி என்று ஏற்கெனவே முழுமை பெற்ற ஆட்டக்காரர்கள் நிறைந்த அணிக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆசான் தேவைப்படவில்லை. செல்லதுரை சொன்ன மூன்று நடத்தைகளும் அங்கே ஒன்றோடொன்று பொருந்தின.

இதைக் கேட்டதும் கிர்ஸ்டன் முறையே சரி, சாப்பல் முறையே தவறு என்று தீர்ப்பெழுதத் தோன்றும். அதே கிர்ஸ்டன் 2024இல் பாகிஸ்தானின் ஒருநாள், டி20 அணிகளுக்குப் பொறுப்பேற்று, ஏறக்குறைய ஆறே மாதத்தில் விலகிவிட்டார். அணித் தேர்வில் பயிற்சியாளருக்கு இருந்த குரலை அந்த நாட்டு வாரியம் எடுத்துவிட்டிருந்தது. அதிகாரத்தைப் பகிர்பவருக்கும் முதலில் கையில் கொஞ்சம் அதிகாரம் வேண்டுமே! கோச்சின் பாணியைப் பற்றி எழுதும் பலரும் அவருக்கு மேலே உட்கார்ந்திருக்கும் நிர்வாகத்தை மறந்துவிடுகிறார்கள்.

அதிகாரத்தைத் தெரிந்தே கைவிட்ட இருவரைப் பார்க்கலாம். ரிக் சார்ல்ஸ்வொர்த் ஆஸ்திரேலியர்; மருத்துவர், ஹாக்கி வீரர், பத்தாண்டுகள் நாடாளுமன்ற உறுப்பினர். 1993 முதல் 2000 வரை ஆஸ்திரேலிய மகளிர் ஹாக்கி அணியைப் பயிற்றுவித்தார். 1996, 2000 ஒலிம்பிக் தங்கங்கள், 1994, 1998 உலகக்கோப்பைகள். வென்றுகொண்டிருந்த காலத்திலேயே நிரந்தரக் கேப்டன் பதவியை எடுத்துவிட்டு, பொறுப்பைப் பலர் தோளில் ஏற்றினார். ஒருவர் தலைவர் என்றால் மற்றவர்கள் பொறுப்பிலிருந்து நழுவுவார்கள் என்பது அவர் கணக்கு. ‘இருப்பதை ஏன் கலைக்க வேண்டும்’ என்று கேட்டவர்களுக்கு அடுத்த தங்கம் விடை சொன்னது. அவரே 2008இல் இந்திய ஹாக்கிக்கு ஆலோசகராக வந்து, சில மாதங்களில் மனம் கசந்து திரும்பிப் போனார்.

நியூசிலாந்து ரக்பியின் கிரஹாம் ஹென்றி கதை இன்னும் சுவையானது. பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவர். உத்தரவு போட்டே பழகியவர். 2004இல் தென்னாப்பிரிக்காவிடம் அடிவாங்கித் திரும்பியபின், அணியின் மூத்தவர்களைக் கொண்ட தலைமைக் குழு ஒன்று அமைந்தது. ஆட்டத்துக்கு முன் ஓய்வறையில் ஹென்றி ஆற்றும் உரை யாருக்காக, எங்களுக்கா உங்களுக்கா என்று கேப்டன் தானா உமாகா கேட்டார். முப்பது ஆண்டுகளாக அந்த உரையை நிகழ்த்திவந்தவர் யோசித்துப் பார்த்து, நிறுத்திவிட்டார். ஆட்டம் தொடங்கிவிட்டால் களத்தில் முடிவெடுக்கப்போவது பதினைந்து பேர்தான். கோச் மாடத்தில் உட்கார்ந்திருப்பார். வாரம் முழுக்க முடிவெடுத்துப் பழகாதவர்களால் சனிக்கிழமை மட்டும் எப்படி எடுக்க முடியும்? இத்தனைக்கும் 2007 உலகக்கோப்பையில் கால் இறுதியிலேயே பிரான்சிடம் தோற்றார்கள். நாடே கொந்தளித்தபோதும் ரக்பி சங்கம் ஹென்றியை நீக்கவில்லை. 2011 உலகக்கோப்பை இறுதி ஆட்டத்தில் அதே பிரான்சை 8–7 என்று ஒரு புள்ளியில் வென்றார்கள். ஒரு புள்ளி அந்தப் பக்கம் போயிருந்தால் தலைமைக் குழு என்ற யோசனையையே கிண்டலடித்து இன்று கட்டுரை எழுதிக்கொண்டிருப்பார்கள். முடிவை வைத்துப் பாணியை எடைபோடும்போது இந்த ஒற்றைப் புள்ளியை நினைவில் வைப்பது நல்லது.

தனிநபர் விளையாட்டில் கதையே வேறு. அங்கே ஆசான் ஒருவர், மாணவர் ஒருவர். நெருக்கம் அதிகம், உரசலும் அதிகம். 2001இல் ஆல் இங்கிலாந்து பேட்மிண்டன் பட்டம் வென்ற புல்லேலா கோபிசந்த் ஹைதராபாதில் நடத்தும் அகாடமி கண்டிப்புக்குப் பேர்போனது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் பி.வி. சிந்து வெள்ளி வென்ற இரவில் அவர் சொன்ன செய்தி நாடு முழுவதும் பரவியது: மூன்று மாதமாகச் சிந்துவிடம் செல்போன் இல்லை, கடைசி நாட்களில் அவருக்குப் பிடித்த இனிப்புத் தயிரும் ஐஸ்கிரீமும்கூடக் கிடையாது. இனி சாப்பிடலாம், போனும் எடுத்துக்கொள்ளலாம் என்று அன்றுதான் விடுதலை. சிந்துவுக்கு அப்போது வயது 21. அதே அகாடமியில் 2012 ஒலிம்பிக் வெண்கலம்வரை வந்த சாய்னா நேவால், 2014இல் 24 வயதில் பெங்களூருக்குப் போய் விமல் குமாரிடம் சேர்ந்தார். மறு ஆண்டே உலகின் முதலிடத்தைத் தொட்டார். 2017இல் மீண்டும் கோபிசந்திடம் திரும்பினார். சிந்துவும் பின்னாளில் வேறு பயிற்சியாளரிடம் போய் டோக்கியோவில் வெண்கலம் பெற்றார். யார் துரோகம் செய்தது என்று ஊடகங்கள் ஆராய்ந்தன. பதினைந்து வயதில் வேண்டியிருந்த கை, இருபத்துநான்கில் தோளை அழுத்தும் பாரமாவது இயல்புதான்.

சென்னைச் சதுரங்கத்தில் இதற்கு நேரெதிரான பரிசோதனை ஒன்று நடந்தது. கணினி எஞ்சின் இல்லாமல் எந்தப் பிள்ளையும் காய் நகர்த்தாத காலத்தில், கிராண்ட்மாஸ்டர் விஷ்ணு பிரசன்னா தன் மாணவன் டி. குகேஷை நீண்ட காலம் எஞ்சின் பக்கமே விடவில்லை. சொந்த மூளையால் கணக்குப் போட்டே 12 வயதில், 2019 ஜனவரியில், குகேஷ் கிராண்ட்மாஸ்டர் ஆனார். தவறான பாதைகளில் தானே நடந்து பார்க்கட்டும் என்று விடுவது ஆசிரியருக்குப் பெரிய சூதாட்டம். பெற்றோரும் சேர்ந்து பொறுமை காக்க வேண்டும். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரனை 7.5–6.5 என்று வென்று 18 வயதில் குகேஷ் உலகச் சாம்பியனானபோது அவருடன் மனவலிமைப் பயிற்சிக்கு இருந்தவர் யார் தெரியுமா? கிர்ஸ்டனின் பழைய கூட்டாளி பேடி அப்டன். கட்டுப்பாடும் சுதந்திரமும் ஒரே பிள்ளையின் வளர்ச்சியில் வெவ்வேறு ஆட்கள் வழியாக வந்து சேர்ந்திருக்கின்றன.

பாராட்டு, திட்டு விஷயத்துக்கு வருவோம். மும்பை சிவாஜி பார்க்கில் பயிற்சியாளர் ரமாகாந்த் ஆச்ரேக்கர், சிறுவன் சச்சினின் ஸ்டம்பின் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைப்பார். பந்துவீசும் பையன்களில் அவரை அவுட்டாக்குபவருக்கு அது. கடைசிவரை யாராலும் முடியாவிட்டால் சச்சினுக்கே. தன் பரிசுப்பொருள்களிலேயே அந்த நாணயங்களைப் பெரிதாகச் சச்சின் சொல்வார். நாணயம் கொடுத்தவர் ‘நன்றாக ஆடினாய்’ என்று ஒருமுறைகூடச் சொன்னதில்லை என்பதையும் 2013இல் விடைபெற்ற நாளில் வான்கடேயில் சொன்னார்: தலைக்கனம் வந்துவிடுமோ என்று சார் பயந்திருக்கலாம். நம் ஊர் பி.டி. மாஸ்டர்களில் பாதிப்பேர் இந்தப் பள்ளிதான். சச்சினுக்கு அது பொருந்தியது. பொருந்தாமல் மட்டையை மூலையில் சாத்திவிட்டுப் போன பையன்கள் வான்கடேயில் விடைபெறும் உரை நிகழ்த்துவதில்லை, அவ்வளவுதான்.

மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து அணியின் பயிற்சியாளர் அலெக்ஸ் ஃபெர்குசன் கோபத்துக்குப் பெயர் போனவர். முகத்துக்கு முகம் நின்று அவர் கத்துவதை ‘ஹேர் டிரையர்’ என்றே ஆட்டக்காரர்கள் அழைத்தார்கள். ஆனால் நட்சத்திர ஆட்டக்காரர் எரிக் கண்டோனாவிடம் அந்தக் காற்று வீசவில்லை. 1995 ஜனவரியில் எதிரணி ரசிகரை எகிறி உதைத்து எட்டு மாதத் தடை பெற்ற கண்டோனா, இங்கிலாந்தையே விட்டுப்போக இருந்தபோது ஃபெர்குசன் பாரிசுக்குப் போய், மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில் உட்கார்ந்து உணவகத்துக்குச் சென்று, பேசி அழைத்துவந்தார். எல்லாருக்கும் ஒரே விதி என்று முழங்குபவர்கள் இதைப் பாரபட்சம் என்பார்கள். அணியின் குறிக்கோள் எல்லாருக்கும் ஒன்று, அணுகுமுறை ஆளுக்கு ஒன்று என்று ஃபெர்குசன் 26 ஆண்டுகள் நடத்திக் காட்டினார்.

கண்டிப்புக்கும் கொடுமைக்கும் நடுவே இருக்கும் எல்லையைப் பதக்கங்கள் எளிதில் மறைத்துவிடும். பிரிட்டன் ஜிம்னாஸ்டிக்ஸ் பற்றி ஆன் வைட் 2022இல் வெளியிட்ட அறிக்கைக்கு 400க்கும் மேற்பட்டவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதி அனுப்பினார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்கள் மனரீதியான வதையைச் சொன்னார்கள். நாற்பது விழுக்காட்டுக்கும் மேற்பட்டவர்கள் உடல்ரீதியான வதையைச் சொன்னார்கள். ஜப்பானில் 15 ஜூடோ வீராங்கனைகள் தேசியப் பயிற்சியாளர் அடித்ததாகக் கூட்டாக எழுதிய புகார் 2013இல் வெளியாகி, அவர் விலகினார். 2021இல் சென்னையில் ஒரு தடகளப் பயிற்சியாளர் போக்சோ சட்டத்தில் கைதானார். பதக்கம் வாங்கித் தருபவரைக் கேள்வி கேட்க யாருக்கும் வாய் வராத அமைப்பில், ‘அவர் பாணி அப்படி’ என்ற வாக்கியம் எத்தனையோ குற்றங்களுக்குத் திரையாக இருந்திருக்கிறது. பாணியைப் பற்றிய எந்த விவாதமும் புகார் சொல்லப் பயமில்லாத ஓர் இடம் இருக்கிறதா என்ற கேள்வியோடு தொடங்குவதே முறை.

ஒரு கோச் தன் பாணியைத் தானே அறிந்திருக்கிறாரா? அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ரொனால்ட் ஸ்மித், ஃபிராங்க் ஸ்மால் என்ற இரு உளவியலாளர்கள் சிறுவர் பேஸ்பால் பயிற்சியாளர்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். நான் இப்படித்தான் நடந்துகொள்கிறேன் என்று கோச் சொன்னதும், கவனிப்பாளர்கள் குறித்ததும் ஒத்துப்போகவில்லை. பிள்ளைகள் சொன்னது பெரும்பாலும் ஒத்துப்போனது. தண்டிக்கும் நடத்தையில் மட்டும் கோச்சுகளுக்குத் தங்களைப் பற்றி ஓரளவு சரியான நினைவு இருந்தது. பிறகு இரண்டரை மணி நேரப் பயிலரங்கு ஒன்றை வடிவமைத்தார்கள்: முயற்சியைப் பாராட்டு, தவறு செய்தவனுக்குத் திருத்தும் வழியைச் சொல், கத்தாதே. 1992இல் வெளியான ஆய்வின்படி, பயிலரங்குக்கு வந்த கோச்சுகளிடம் ஆடிய பிள்ளைகளில் அடுத்த ஆண்டு விட்டுப்போனவர்கள் 5 விழுக்காடு; வராதவர்களிடம் 26 விழுக்காடு. இரண்டு தரப்பின் வெற்றி–தோல்விக் கணக்கில் பெரிய வேறுபாடு இல்லை.

இந்தியாவில் பயிற்சியாளராக விரும்புபவர் பட்டியாலாவின் தேசிய விளையாட்டு நிறுவனத்தில் பட்டயம் படிக்கிறார். உடலியக்கம், உணவு, உளவியல் எல்லாம் பாடத்தில் உண்டு. ஆனாலும் மைதானத்தில் இறங்கி விசிலை வாயில் வைத்ததும் பெரும்பாலானவர்களின் தொண்டையிலிருந்து வருவது தங்கள் பழைய கோச்சின் குரல்தான். ஆனால் அமெரிக்கக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் மைக் ஷஷெவ்ஸ்கியைப் பாருங்கள். அவர் கதவதிரக் கத்தும் பயிற்சியாளர் பாபி நைட்டிடம் ஆடி, அவருக்கு உதவியாளராகவும் இருந்தவர். டியூக் பல்கலைக்கழகத்தில் ஐந்து தேசியப் பட்டங்கள் வெல்வதற்குள் நைட்டின் தற்காப்பு ஆட்டத்தை வைத்துக்கொண்டு, நைட்டின் நாற்காலி வீச்சை விட்டுவிடக் கற்றுக்கொண்டார். எதை எடுப்பது, எதை விடுவது என்று உட்கார்ந்து யோசிக்கும் அந்த வேலைக்கு எந்தப் பட்டயத்திலும் தாள் கிடையாது.

ராகுல் திராவிட் அந்த வேலையைச் செய்தவர். ஏ அணியோடு வெளிநாடு போய், ஓர் ஆட்டத்திலும் இறங்காமல் திரும்பும் ஆட்டக்காரனின் வலி அவருக்குத் தெரிந்திருந்தது. இந்தியா ஏ அணிக்கும் 19 வயதுக்குட்பட்டோர் அணிக்கும் பயிற்சியாளரானதும் விதி போட்டார்: சுற்றுப்பயணத்துக்கு வருபவர் எல்லாருக்கும் ஆட்டம் உண்டு, ஒருவருக்கு ஒரே ஒரு ஜூனியர் உலகக்கோப்பைதான். இரண்டாவது விதியால் அனுபவசாலிகளை இழந்து அணி பலவீனமாகுமே என்ற முணுமுணுப்பு இருந்தது. 2016இல் இறுதி ஆட்டத்தில் தோற்றார்கள். 2018இல் பிரித்வி ஷா, சுப்மன் கில் தலைமுறை கோப்பை வென்றது. வாரியம் அவருக்கு 50 லட்சம், உடனிருந்த பணியாளர்களுக்கு ஆளுக்கு 20 லட்சம் என்று அறிவித்தது. வேலை எல்லாரும் செய்தது, தொகை ஏன் வேறு என்று கேட்டார். கடைசியில் அவர் உட்பட எல்லாருக்கும் 25 லட்சம் என்றானது. 2024 ஜூனில் பார்படாசில் அவர் பயிற்றுவித்த சீனியர் அணி டி20 உலகக்கோப்பையை வென்றபின் தலைமைப் பயிற்சியாளருக்கு 5 கோடி ஒதுக்கப்பட்டபோதும், மற்றப் பயிற்சியாளர்களுக்கு உள்ள 2.5 கோடியே தனக்கும் போதும் என்று அவர் சொன்னதாகச் செய்தி வந்தது.